முற்றத்தில் பிறந்த பாட்டு: பாப் மார்லியின் வாழ்க்கை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளை. ஒலிபெருக்கியில் யாரோ பழைய திரைப்பாடல் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் நின்றுவிட்டனர். ஒருவர் திருச்சியில் தாம் படித்த நாளை நினைத்தார். ஓர் அம்மையார் தம் தாயின் அடுக்களையை நினைத்துக் கண் கலங்கினார். பாட்டு மூன்றே நிமிடந்தான். ஆனால் அது தன்னோடு ஒரு தெருவையும் ஒரு திண்ணையையும் ஒரு காலத்தையுமே அழைத்துக்கொண்டு வந்துவிட்டது. பழம்பாட்டின் இயல்பு அது. ஊரை விட்டு வந்தவர்க்கு அவ்வியல்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்பொழுது நாற்காலி அடுக்க உதவிய நம் காலனி இளைஞர் ஒருவரின் பனியனில் ஒரு முகத்தைக் கண்டேன். சடைசடையாகத் தொங்கும் முடி. சிரிப்பும் சிந்தனையும் கலந்த பார்வை. அவர் யார் என்று கேட்டேன். பாப் மார்லி என்றார் இளைஞர். பெயருக்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கோ அப்பெயரும் தெரிந்திருக்கவில்லை. பின்னர் அம்மனிதரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, கடல் பல கடந்த ஒரு தீவின் கதையாக அது தோன்றவில்லை. நம்முடையதைப் போன்ற ஒரு குடியிருப்பின் கதையாகவே தோன்றிற்று. அதனை இம்மலர் வாயிலாக நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தீவும் மக்களும்

ஜமைக்கா என்ற பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்டு வளர்ந்தவர்கள் அத்தீவின் தலைநகராகிய கிங்ஸ்டனையும், அங்குள்ள சபைனா பார்க் மைதானத்தையும் அறிவர். 1971-ஆம் ஆண்டு திலீப் சர்தேசாய் இரட்டைச் சதம் அடித்தது அங்கேதான். 1976-ஆம் ஆண்டு நம் ஆட்டக்காரர் பலர் வேகப்பந்தில் அடிபட்டு நொந்ததும் அங்கேதான்.

கரிபியன் கடலில் உள்ள அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 11,000 சதுரக் கிலோமீட்டர். 1655-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் அதனை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டுக் கப்பலில் கொண்டுவந்து குவித்தனர். 1838-ஆம் ஆண்டிலேதான் அம்மக்கள் முழு விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர்கள் தோட்டங்களை வெறுத்து விலகியபொழுது, அவர்கள் இடத்தை நிரப்ப 1845-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். ஆகவே அத்தீவின் மண்ணில் நம் மக்களின் வியர்வையும் கலந்திருக்கிறது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஜமைக்கா சுதந்திரம் அடைந்தது. நாம் பேசப்போகும் பாடகர் அன்று பதினேழு வயது இளைஞர்.

பிறப்பும் பிள்ளைப் பருவமும்

ராபர்ட் நெஸ்டா மார்லி 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், ஜமைக்காவின் வடபகுதியில் செயின்ட் ஆன் மாவட்டத்து மலைச் சிற்றூராகிய நைன் மைலில் பிறந்தார். தாய் செடெல்லா, பதினெட்டு வயதுடைய கறுப்பின உழவர் குடும்பத்துப் பெண். தந்தை நார்வல் மார்லி, அறுபது வயதை ஒட்டிய வெள்ளையர். திருமணம் நடந்தது, ஆனால் இல்லறம் நடக்கவில்லை. தந்தை பெரும்பாலும் வெளியிடங்களிலேயே வாழ்ந்தார். 1955-ஆம் ஆண்டு காலமானார். மகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து அவருடைய பெயரும் நிறமுமே.

அந்நிறம் சிறுவருக்குப் பெருந்துயர் தந்தது. வெள்ளையர் அவரைக் கறுப்பர் என்றனர். கறுப்பினப் பிள்ளைகள் அவரை வெள்ளையன் மகன் என்று ஏளனம் செய்தனர். இரண்டு வீட்டுக்கும் வேண்டாத பிள்ளையாக அவர் வளர்ந்தார். பாட்டனாரின் கொல்லையில் ஆடு மேய்த்ததும், கோயிலில் தாய் பாடக் கேட்டதுமே அவருடைய முதற் கல்வி. அவ்வூர்ப் பள்ளியிலேயே நெவில் லிவிங்ஸ்டன் என்ற தோழர் கிடைத்தார். பிற்காலத்தில் பன்னி வெய்லர் என்று உலகம் அறிந்த இசைவாணர் அவரே.

முற்றத்து வாழ்க்கை

ஊரில் பிழைப்பு இல்லாதவர் நகரத்தை நாடுவது எந்நாட்டிற்கும் பொதுவான வழக்கம். செடெல்லா அம்மையாரும் கிங்ஸ்டனுக்குப் போனார். 1957-ஆம் ஆண்டளவில் தாயும் மகனும் ட்ரெஞ்ச்டவுன் என்ற ஏழையர் பகுதியில் குடியேறினர்.

ட்ரெஞ்ச்டவுனின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். ஏழைகளுக்கென்று அரசாங்கம் அங்கே வரிசை வீடுகளைக் கட்டியிருந்தது. நடுவே ஒரு பொது முற்றம், முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகள், அறைக்கொரு குடும்பம். குழாயடி பொது, அடுப்படி பொது, குளியலறை பொது. ஒரு வீட்டின் சண்டை மற்றொரு வீட்டிற்குத் தெரியாமல் இராது. ஒரு வீட்டின் பசியும் அவ்வாறே. அம்மக்கள் தம் வாழ்விடத்தை முற்றம் என்ற பொருள்படும் சொல்லாலேயே வழங்கினர். குவார்ட்டர்ஸ் வாழ்க்கையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

அம்முற்றங்கள் ஒன்றில் வின்சென்ட் போர்ட் என்பவர் இருந்தார். அவர் மார்லிக்குக் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். தங்க இடமும் அளித்தார். தம்மிடம் வந்த பசித்த பிள்ளைகளுக்கெல்லாம் அடுப்பு மூட்டி உணவு சமைத்தார். பெரும்பாலும் அது சோளமாக் கஞ்சியே. பின்னாளில் நீரிழிவு நோயால் கால்களை இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவ்வெளிய மனிதரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இக்கதையில் அவர் மீண்டும் வருவார்.

அதே பகுதியில் ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் பிள்ளைகளை மாலைதோறும் அமர்த்தி, ஊதியம் எதுவும் பெறாமல் இசை கற்பித்தார். சுருதி பிசகாமல் மூவர் குரல் ஒன்றாக இணைவது எப்படி, மூச்சை அடக்குவது எப்படி என்று அவர் பயிற்றினார். அங்கே மார்லியோடும் பன்னியோடும் பீட்டர் டாஷ் என்ற உயரமான இளைஞர் வந்து சேர்ந்தார்.

தாயோ மகன் ஒரு கைத்தொழில் கற்கவேண்டும் என்று விரும்பினார். ஆகவே மார்லி வெல்டிங் பட்டறையில் பயிலச் சென்றார். ஒருநாள் இரும்புத் துகள் ஒன்று கண்ணில் பாய்ந்து தாங்கொணா வலி தந்தது. கண் பிழைத்தது, ஆனால் பட்டறையை அவர் விட்டுவிட்டார். இனிப் பாட்டே தொழில் என்று உறுதி கொண்டார்.

இசைத்தட்டும் கூலியும்

அக்காலத்துக் கிங்ஸ்டனில் நல்ல இசைக்குழுக்கள் வசதியுள்ளோர் கூடும் விடுதிகளில் வாசித்தன. ஏழை மக்களுக்கு ஒலிபெருக்கியே கச்சேரி மேடை. ஆள் உயரப் பெட்டிகளில் ஒலிபெருக்கிகளை அமைத்து, திறந்த வெளியில் இசைத்தட்டுகளை முழங்கவிட்டு, இரவெல்லாம் மக்களை ஆடவைப்பதையே தொழிலாகக் கொண்டோர் பலர் இருந்தனர். முதலில் அமெரிக்கத் தட்டுகள் ஒலித்தன. பின்னர் இவ்வொலிபெருக்கி உரிமையாளர்களே உள்ளூர்ப் பாடகர்களைக் கொண்டு தட்டுகள் பதியத் தொடங்கினர். ஜமைக்காவின் இசைத்தொழில் பிறந்தது இவ்வாறே.

1962-ஆம் ஆண்டு மார்லியின் முதல் தட்டு வெளிவந்தது. அதனைப் பதிந்தவர் பனிக்கூழ்க் கடையோடு இசைத்தட்டுக் கடையும் நடத்திவந்த லெஸ்லி காங் என்ற சீன வணிகர். தட்டு விலைபோகவில்லை. மறு ஆண்டு மார்லி, பன்னி, டாஷ் ஆகியோரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். வெய்லர்ஸ் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. புலம்புவோர் என்பது அதன் பொருள். 1964-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிளமென்ட் டாட் என்பவரின் ஒலிப்பதிவு நிலையத்திலிருந்து அவர்களுடைய பாடல் ஒன்று வெளிவந்து தீவெங்கும் முதலிடம் பெற்றது. கத்தியும் கையுமாகத் திரிந்த முரட்டு இளைஞர்களைப் பார்த்து, சினத்தைத் தணித்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறிய பாடல் அது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. சிறு வாரக் கூலியே அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

அந்நாளில் வழங்கிய ஸ்கா என்ற இசை துள்ளி ஓடும் வேகம் உடையது. 1966-ஆம் ஆண்டளவில் வேகம் தணிந்து ராக்ஸ்டெடி ஆயிற்று. 1968-ஆம் ஆண்டளவில் அது மேலும் மாறி ரெகே என்ற பெயர் பெற்றது. ரெகேயின் தனித்தன்மை அதன் தாளத்திலே உள்ளது. கிட்டார் தாள அடியில் விழாமல் இரண்டு அடிகளுக்கு இடையே வெட்டி விழும். முரசோ பலகாலும் முதல் அடியில் மௌனம் காத்து, மூன்றாம் அடியிலே வந்து இறங்கும். சமத்தில் எடுக்காமல் சற்றே தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த இடைவெளியின் சுவை எளிதில் விளங்கும். கேட்போர் உடம்பே அந்த விடுபட்ட அடியைத் தானாக நிரப்பிக்கொள்ளும்.

அயலூர்க் கூலியும் புதிய சமயமும்

1966-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் மார்லி, ரீட்டா என்ற பாடகியை மணந்தார். மணம் முடிந்த சில நாள்களிலேயே அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவர் தாய் அதற்குமுன்பே டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் குடியேறியிருந்தார். அங்கே சில மாதம் கூலி வேலை செய்து பணம் சேர்த்து, ஊர் திரும்பிச் சொந்தமாக இசைத்தட்டு வெளியிடவேண்டும் என்பது மார்லியின் எண்ணம். குளிரும் தனிமையும் அவரை வாட்டின. பிற்காலத்தில் மீண்டும் ஒருமுறை அந்நகரத்திற்குச் சென்று மோட்டார்த் தொழிற்சாலையிலும் உழைத்தார். வேலைக்கென்று ஊர்விட்டு வந்து, விடுமுறை நாளை விரலில் எண்ணியிருக்கும் வாழ்வை அவர் நூலில் படித்து அறிந்தவரல்லர், வாழ்ந்தே அறிந்தவர்.

அவர் அமெரிக்காவில் இருந்தபொழுது, 1966 ஏப்ரல் 21-ஆம் நாள், எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி ஜமைக்காவுக்கு வருகை தந்தார். ஆப்பிரிக்காவில் கறுப்பின மன்னர் ஒருவர் முடிசூடி அமர்ந்திருந்தமை, அடிமைக் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பெருநம்பிக்கை தந்திருந்தது. அத்தீவின் எளிய மக்களுள் ஒரு சாரார் அவரைத் தெய்வ வடிவமாகவே போற்றினர். முடிசூடுமுன் அவருக்கு வழங்கிய ராஸ் தபாரி என்ற பெயராலே அச்சமயம் ராஸ்தபாரி எனப்பட்டது. ரீட்டா பேரரசரைக் கண்டு உளம் உருகினார். ஊர் திரும்பிய மார்லியும் காலப்போக்கில் அச்சமயத்தைத் தழுவிச் சடைமுடி வளர்த்தார்.

அச்சமயத்தார் கஞ்சாப் புகையை வழிபாட்டில் சேர்த்துக்கொண்டனர். அச்சொல்லே நம் நாட்டுக் கூலிகளோடு அத்தீவுக்குச் சென்றதாகும். அவ்வழக்கத்தை நாம் போற்றவேண்டுவதில்லை. ஆயினும், பனியனில் அவர் முகத்தோடு அந்த இலையையும் அச்சிட்டு விற்போர், அவருடைய உழைப்பை மறைத்துவிடுகின்றனர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி செய்து, கால்பந்து ஆடி, நள்ளிரவு வரை ஒரே பாட்டைப் பலமுறை பாடித் திருத்தும் இயல்பினர் அவர்.

லண்டனில் திறந்த கதவு

1972-ஆம் ஆண்டில் வெய்லர்ஸ் குழுவினர் லண்டனில் கைப்பொருள் இன்றித் தவித்தனர். அந்நிலையில் ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் கிறிஸ் பிளாக்வெல்லை மார்லி கண்டார். ஜமைக்காவில் வளர்ந்தவராகிய பிளாக்வெல் அவர்களை நம்பி 4,000 பவுன் கொடுத்தார். பணம் வீணாகும் என்று பிறர் எச்சரித்தனர். வெய்லர்ஸோ கிங்ஸ்டன் திரும்பி ஒரு முழு இசைத்தொகுப்பையே பதிந்து கொணர்ந்தனர். 1973-ஆம் ஆண்டு வெளிவந்த அத்தொகுப்பின் பெயர் கேட்ச் எ ஃபயர்.

லண்டனில் அந்த இசையைக் கேட்கக் காத்திருந்தவர் பலர். 1948-ஆம் ஆண்டு விண்ட்ரஷ் என்ற கப்பல் வந்தது முதலாக, மேற்கிந்தியத் தீவினர் ஆயிரக்கணக்கில் பிரிட்டனில் குடியேறியிருந்தனர். பேருந்திலும் இரயிலிலும் மருத்துவமனையிலும் அவர்கள் வேலை செய்தனர். வாரக்கடைசியில் ஒருவர் வீட்டில் கூடி, ஊரிலிருந்து வந்த தட்டுகளைப் போட்டுக் கேட்பதே அவர்களுக்கு ஊர் போய் வந்ததற்கு ஒப்பாகும். நம் சங்கக் கூட்டங்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

புகழ் வளர வளரக் குழு சிதைந்தது. ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கையைப் பன்னி விரும்பவில்லை. டாஷும் தமக்கு உரிய இடம் இல்லையென வருந்திப் பிரிந்தார். ஒரே முற்றத்தில் ஒன்றாகப் பாடிய மூவர் 1974-ஆம் ஆண்டிற்குள் மூன்று திசை ஆயினர். மார்லி தம் மனைவி ரீட்டாவையும், மார்சியா கிரிபித்ஸ், ஜூடி மோவாட் என்ற இரு பாடகியரையும் துணைக்குரலாகக் கொண்டு தொடர்ந்தார்.

கஞ்சியின் நன்றி

1974-ஆம் ஆண்டு வெளிவந்த நாட்டி டிரெட் என்ற தொகுப்பில் நோ வுமன் நோ க்ரை என்ற பாடல் இடம்பெற்றது. அழும் பெண்ணொருத்தியைத் தேற்றும் பாடல் அது. தேற்றுபவன் அவளுக்குச் சொர்க்கத்தைக் காட்டவில்லை. ட்ரெஞ்ச்டவுனில் அரசாங்கம் கட்டிய முற்றத்தை நினைவூட்டுகிறான். இரவில் எரிந்த விறகையும், பகிர்ந்து உண்ட சோளக் கஞ்சியையும், இடைவழியில் இழந்துவிட்ட நண்பர்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறான். 1975-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லண்டன் லைசியம் அரங்கில் மார்லி இதனைப் பாடியபொழுது, அவையோர் அனைவரும் சேர்ந்து பாடினர். அந்நிகழ்ச்சியின் பதிவே உலகெங்கும் பரவிற்று.

இப்பாடலின் ஆசிரியர் என்று பதிவாகியிருக்கும் பெயர் மார்லியின் பெயரன்று, வின்சென்ட் போர்ட். முற்றத்தில் கஞ்சி காய்ச்சிய அதே மனிதர். பாடலை எழுதியவர் யார் என்று பிற்காலத்தில் வழக்கே நடந்தது. சட்டம் எவ்வாறு சொன்னாலும், பயன் யாவரும் அறிந்ததே. உலகில் எங்கெல்லாம் அப்பாடல் ஒலித்ததோ, அங்கிருந்தெல்லாம் ஆசிரியர் உரிமைத்தொகை போர்டின் கைக்கு வந்தது. 2008-ஆம் ஆண்டு அவர் மறையும்வரை அது அவரைக் காத்தது. உண்ட கஞ்சிக்கு இதனினும் பெரிய நன்றி உண்டோ?

குண்டும் கைகோத்தலும்

சுதந்திர ஜமைக்காவில் இரண்டு பெருங்கட்சிகள் மோதின. ஒன்றின் தலைவர் பிரதமர் மைக்கேல் மான்லி. மற்றொன்றின் தலைவர் எட்வர்டு சியாகா. ஏழையர் குடியிருப்புகள் கட்சிக் கோட்டைகளாயின. ஒரு தெருப் பிள்ளை அடுத்த தெருவில் கால்வைத்தால் உயிர் தப்புவது அரிதாயிற்று. அந்நிலையில் மக்களை ஒன்றுபடுத்த, 1976 டிசம்பர் 5-ஆம் நாள் இலவச இசைவிழா நடத்த மார்லி இசைந்தார். விழாவுக்கு இரண்டு நாள் முன்னர், டிசம்பர் 3-ஆம் நாள் இரவு, அவர் வீட்டில் பயிற்சி நடக்கையில் துப்பாக்கி ஏந்தியோர் புகுந்து சுட்டனர். மார்லிக்கு மார்பிலும் கையிலும் காயம். ரீட்டாவின் தலையில் குண்டு உரசிற்று. அவருடைய மேலாளர் பல குண்டுகள் பட்டு வீழ்ந்தார். தெய்வாதீனமாக எவரும் இறக்கவில்லை.

விழா நின்றுவிடும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆனால் கட்டுப் போட்ட கையோடு மார்லி மேடையேறினார். பல்லாயிரவர் முன்னிலையில் நெடுநேரம் பாடினார். முடிவில் தம் காயங்களைத் திறந்து காட்டினார். பின்னர் நாட்டை விட்டு அகன்று, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தார். லண்டனில் இருந்து அவர் ஆக்கியதே 1977-ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸடஸ் என்ற தொகுப்பு. ஊர் பிரிந்த மக்கள் தம் தாயகம் நோக்கி நடக்கும் பெரும் பயணத்தை அது பாடுகிறது.

1978-ஆம் ஆண்டு மார்லி தாயகம் திரும்பினார். ஏப்ரல் 22-ஆம் நாள் கிங்ஸ்டனில் நடந்த அமைதி விழாவில், பாடிக்கொண்டிருக்கும்பொழுதே மான்லியையும் சியாகாவையும் மேடைக்கு அழைத்தார். இருவர் கைகளையும் பற்றித் தலைக்குமேல் ஒன்றாகச் சேர்த்து உயர்த்தினார். அக்காட்சியின் படம் உலகெங்கும் சென்றது. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது: கொலைகள் நிற்கவில்லை. 1980-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பாட்டு ஒரு கணம் கைகளைச் சேர்க்கும். சேர்ந்த கைகளைக் காத்தல் மனிதர் பொறுப்பு.

ஆப்பிரிக்க மண்ணில்

1980 ஏப்ரல் 17-ஆம் நாள் நள்ளிரவில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றது. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட அந்நாட்டு வீரர்கள் மார்லியின் பாடல்களைக் கேட்டு ஊக்கம் பெற்றவர்கள். விழாவுக்கு அழைக்கப்பட்ட அவர், இசைக்கருவிகளையும் குழுவினரையும் தம் சொந்தச் செலவில் விமானத்தில் கொண்டுசென்றார். நம் பிரதமர் இந்திரா காந்தி அம்மையாரும் அவ்விழாவுக்குச் சென்றிருந்தார். அரங்கின் உள்ளே பெரிய மனிதர்கள். வெளியே வாயில் மூடப்பட்ட பொதுமக்கள். மக்கள் உள்ளே நுழைய முயல, காவலர் கண்ணீர்ப் புகை வீசினர். மேடையிலிருந்தோரும் கண்ணெரிந்து விலக நேர்ந்தது. புகை தணிந்தபின் மார்லி மீண்டும் பாடினார். மறுநாள் பொதுமக்களுக்கென்றே மற்றொரு முறையும் பாடினார்.

மறைவு

1977-ஆம் ஆண்டில் கால்பந்து ஆடுகையில் அவருடைய வலக்கால் பெருவிரலில் காயம் ஏற்பட்டது. ஆராய்ந்த மருத்துவர்கள் அதனைத் தோற் புற்றுநோய் எனக் கண்டு, விரலை எடுத்துவிடவேண்டும் என்றனர். உடம்பைக் குறைத்தல் தம் சமயத்திற்கு ஒவ்வாது என்று அவர் மறுத்துவிட்டார். சிறிய அறுவையோடு நின்றது. நோயோ நிற்கவில்லை.

1980 செப்டம்பரில் நியூயார்க்குப் பூங்காவில் ஓடிப் பயிற்சி செய்கையில் அவர் வீழ்ந்தார். நோய் மூளைவரை பரவியிருந்தது. ஆயினும் இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 23-ஆம் நாள், பிட்ஸ்பர்க் நகரில் மேடையேறிப் பாடினார். அதுவே கடைசிக் கச்சேரி. ஜெர்மனியின் பவேரியாவில் சில மாதங்கள் மருத்துவம் செய்துகொண்டார். பயன் இல்லை என்று தெரிந்தபின், தாய்நாட்டில் கண்மூட விரும்பிப் புறப்பட்டார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. வழியில் மியாமி நகரில், 1981-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார்.

மே 21-ஆம் நாள் கிங்ஸ்டனில் அரசாங்க மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பின்னர் அவருடல் மலைப்பாதை வழியே நைன் மைலுக்குச் சென்றது. வழிநெடுக மக்கள் நின்றனர். ஆடு மேய்த்த சிறுவர் புறப்பட்ட இடத்திலேயே அவருடைய கல்லறை அமைந்தது.

அவர் குறையற்றவர் அல்லர். ரீட்டா அம்மையாருக்கு அவர் நேர்மையான கணவராக இருக்கவில்லை; பல பெண்டிரிடம் அவருக்கு மக்கள் பிறந்தனர். உயில் எழுதாமலே இறந்தமையால், சொத்துப்பற்றிய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. பெரியவர்களின் குறைகளையும் அறிந்து கொள்வதே அவர்களை உள்ளபடி அறிதலாகும்.

பழம்பாட்டின் கடமை

மார்லி மறைந்தபின் ஜமைக்காவின் இசை வேறு வழி சென்றது. தாளத்தின்மேல் விரைந்து பேசிப் பாடும் டான்ஸ்ஹால் என்ற முறை ஓங்கிற்று. 1985-ஆம் ஆண்டில் மின்கருவியில் அமைத்த தாளம் ஒன்று பெரும்புகழ் பெற்றபின், முரசும் கிட்டாரும் பலவிடத்தும் பின்தள்ளப்பட்டன. அன்று பெரியவர்கள் அதனை வெறுஞ்சத்தம் என்று கடிந்தனர். அச்சத்தத்திற்கு ஆடிய இளைஞர்களின் தலையும் இன்று நரைத்துவிட்டது. அவர்களும் அப்பழைய தட்டுகளைக் கேட்டுப் பெருமூச்செறிகின்றனர். நம் வீடுகளில் பாகவதர் பாட்டுக்கு ஏங்கிய பாட்டனார், பேரன் கேட்ட பாட்டைக் கடிந்ததும், அப்பேரனே இன்று தன் மகனின் பாட்டைக் கடிவதும் இதுவேதான். 2018-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் ஜமைக்காவின் ரெகே இசையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ட்ரெஞ்ச்டவுனில் கஞ்சி காய்ச்சிய அம்முற்றமும் காட்சியகமாகக் காக்கப்பட்டு வருகிறது.

பழம்பாட்டுக்கு ஒரு தீங்கும் உண்டு. அது இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு பசியை மறக்கச் செய்துவிடும். இன்று உணவு விடுதிகளிலும் கடைகளிலும் மார்லியின் பாடல் மெல்ல ஒலிக்கிறது. கேட்போர் கடற்கரையையும் விடுமுறையையும் எண்ணுகின்றனர். அவரோ ஒரு பொதுக் குழாயையும், ஒரு விறகடுப்பையும், திரும்பி வராத நண்பர்களையும் எண்ணிப் பாடினார். இனிமை நமக்கு வந்து சேர்ந்தது. கதை வழியிலே நின்றுவிட்டது.

நம் வீடுகளிலும் அவ்வாறு நேராமல் காத்தல் நம் கடமை. இக்காலனிக்கு முதலில் வந்தவர்கள் ஓர் அறையில் நால்வராகத் தங்கியதும், ஒருவர் ஊரிலிருந்து கொணர்ந்த புளியையும் வடகத்தையும் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டதும் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்திகளாக இருக்கின்றன. பிள்ளைகள் பாட்டை மட்டும் கேட்கிறார்கள். இவ்வாண்டு விழா முடிந்து ஒலிபெருக்கியில் பழம்பாட்டு எழும்பொழுது, பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டாம். அருகில் நாற்காலி அடுக்கும் பிள்ளையை அழைத்து உட்கார வைத்து, அப்பாட்டைத் தாம் முதலில் கேட்டது எந்த வீட்டில், அன்று அடுப்பில் என்ன வெந்தது, அதனைப் பகிர்ந்து கொடுத்தவர் யார் என்பதையும் சொல்லட்டும். பனியனில் மார்லியின் முகத்தை அணிந்த நம் இளைஞருக்கு இக்கட்டுரையை நானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.